வால்டர் வைட் ஹீரோவா, வில்லனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பிரேக்கிங் பேட்' தொடர் 2008 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் தொடங்கி, 2013 செப்டம்பர் 29 அன்று முடிந்தது. ஐந்து சீசன், 62 எபிசோட். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறான் வால்டர் வைட். ஐம்பது வயதான கையோடு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. மனைவி ஸ்கைலர் கர்ப்பமாக இருக்கிறாள், மகனுக்குப் பெருமூளை வாதம். குடும்பத்துக்குப் பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, பழைய மாணவன் ஜெஸ்ஸி பிங்க்மனைக் கூட்டுச் சேர்த்து, மெத் என்கிற போதைப்பொருளைத் தயாரிக்க இறங்குகிறான். கீழே கதை முழுக்க வெளிப்பட்டுவிடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஹீரோவா, வில்லனா?

வில்லன்.

முதல் எபிசோடிலேயே வில்லன் என்று சொல்லவில்லை. அப்போது அவன் பயந்துபோன ஒரு வாத்தியார். வகுப்பில் மரியாதை இல்லை, சம்பளம் பற்றாமல் கார் கழுவும் இடத்தில் பகுதி நேர வேலை, அங்கே தன் மாணவனின் காரையே துடைக்க வேண்டிய நிலை. யாருக்கும் மனம் இரங்கும். ஆனால் தொடர் முடிகிறபோது நம் முன்னால் நிற்பவன் வில்லன்தான். நோயோ பணக்கஷ்டமோ அவனை அங்கே தள்ளிவிடவில்லை. அவனே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடந்து போனான்.

தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் இதை ஒருநாளும் மறைத்ததில்லை. தொடர்களில் முக்கியக் கதாபாத்திரம் வருஷக்கணக்கில் மாறாமல் இருப்பதுதான் வழக்கம், தான் அதற்கு நேர்மாறாக நல்லவனாகத் தொடங்குகிறவனை மெல்ல மெல்லக் கெட்டவனாக்கிக் காட்ட விரும்பியதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் படைத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாம் தலையாட்ட வேண்டியதில்லை. திரையில் நடப்பதை வைத்தே பேசலாம்.

கதையே அவனைச் சுற்றித்தானே போகிறது? அப்புறம் எப்படி வில்லன் ஆவான்?

கதை யாரைப் பின்தொடர்கிறது என்பது ஒரு கேள்வி. நியாயம் யார் பக்கம் என்பது வேறு கேள்வி. மர்ரே ஸ்மித் என்கிற திரைப்பட ஆய்வாளர் 1995-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒருவனோடு கூடவே போகிறோம், அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிகிறது என்பது ஒன்று. அவன் செய்வது சரி என்று அவன் பக்கம் சாய்வது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது பெரும்பாலும் தானாகவே பின்னால் வந்துவிடும். அதனால்தான் குழப்பம்.

இதே கதையை ஹாங்க் ஷ்ரேடர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். போதைப்பொருள் தடுப்பு அதிகாரி. ஹைசன்பர்க் என்கிற பெயரில் நகரத்தையே ஆட்டிவைக்கும் ஒருவனைத் தேடி அலைகிறார். அந்தத் தேடலில் குண்டடிபட்டு, எழுந்து நடக்கவே போராடுகிறார். கடைசியில் பார்த்தால், தேடிய ஆள் சொந்தச் சகலை. வாராவாரம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இந்தக் கதையில் யார் வில்லன் என்று யாரும் விவாதம் செய்திருக்க மாட்டார்கள். சம்பவம் ஒன்றும் மாறவில்லை, கேமரா நிற்கும் இடம்தான் மாறுகிறது.

ஆன்டி-ஹீரோ என்று சொல்லிவிட்டால் முடிந்தது அல்லவா?

முதல் இரண்டு சீசன்களுக்கு அது பொருந்தும். குறை உள்ளவன், சட்டத்தை மீறுகிறவன், ஆனாலும் இதைத் தாண்ட மாட்டேன் என்று ஏதோ ஒரு கோடு வைத்திருப்பவன். அவனைத்தான் ஆன்டி-ஹீரோ என்கிறோம். வால்டரிடம் கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தான். கொலை செய்ய மாட்டேன் என்பது முதலில் போனது. ஜெஸ்ஸிக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்பது போனது. குழந்தைகளைத் தொட மாட்டேன் என்பதும் நான்காவது சீசனில் போய்விட்டது. ஜெஸ்ஸிக்கு நெருக்கமான பிராக் என்கிற சின்னப் பையனுக்கு விஷச்செடியைக் கொடுத்து, பழியை இன்னொருவர் மேல் திருப்பி, ஜெஸ்ஸியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். அந்தச் சீசனின் கடைசிக் காட்சியில் கேமரா அவன் வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் இருக்கும் அந்தச் செடியிடம் போய் நிற்கும்போது, ஆன்டி-ஹீரோ என்கிற பெயருக்கு அங்கே வேலை இல்லை.

நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை, இடையில் ஏதோ ஒன்று என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்காகவே பலர் இந்தச் சொல்லைக் கையில் எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, எந்த இடத்தில் மாறினான்?

இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் ஏதாவது ஒரு சாவைச் சொல்வார்கள். முதலில் அந்தச் சாவுகளைப் பார்ப்போம், ஏனென்றால் தொடரின் எழுத்து எவ்வளவு நுணுக்கமானது என்பது அங்கேதான் தெரியும்.

முதல் சீசனின் மூன்றாவது எபிசோட். கிரேஸி எயிட் என்கிற வியாபாரியைப் பாதாள அறையில் சைக்கிள் பூட்டால் தூணோடு கட்டிப் போட்டிருக்கிறான். விட்டால் போலீஸ், இல்லையென்றால் பழிவாங்கல். வால்டர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, உயிரோடு விடுவதற்கான காரணங்களை ஒரு பக்கமும் கொல்வதற்கான காரணங்களை மறுபக்கமும் எழுதுகிறான். விடுவதற்கு நிறையக் காரணங்கள். நீ கொலைகாரன் கிடையாது என்பது அதில் ஒன்று. கொல்வதற்கு ஒரே ஒரு காரணம்: விட்டால் உன் குடும்பம் மொத்தத்தையும் அவன் கொன்றுவிடுவான். அவனுக்கு சாண்ட்விச் செய்து, ஓரத்தையெல்லாம் வெட்டிக் கொடுக்கிறான். உட்கார்ந்து பேசுகிறார்கள். தன் மகனுக்குத் தொட்டில் வாங்கிய கடையே இவனுடைய அப்பா கடைதான் என்று தெரிகிறது. விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துச் சாவியை எடுக்க மேலே வருகிறான். முன்பு அவன் மயங்கி விழுந்தபோது உடைந்த தட்டின் துண்டுகள் குப்பைத்தொட்டியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்திப் பார்க்கிறான். ஒரு துண்டு மட்டும் இல்லை. கீழே இருப்பவன் அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான். அப்புறம் நடப்பது கொலை, ஆனால் அழுதுகொண்டே, மன்னித்துவிடு என்று சொல்லிக்கொண்டே செய்கிற கொலை. என்னால் இங்கே அவனை வில்லன் என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது சீசனின் பன்னிரண்டாவது எபிசோடில் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் சாகிறாள். போதையில் தூங்குகிற இருவரில் ஜெஸ்ஸியை எழுப்ப வால்டர் உலுக்குகிறான். அந்த உலுக்கலில் ஒருக்களித்துப் படுத்திருந்த ஜேன் மல்லாந்துவிடுகிறாள். வாந்தி தொண்டையை அடைக்கிறது. வால்டர் பதறிப்போய்க் கட்டிலைச் சுற்றி அவள் பக்கம் ஓடுகிறான், கை நீள்கிறது, நின்றுவிடுகிறது. அவள் இவனை மிரட்டிப் பணம் வாங்கியவள், ஜெஸ்ஸியை இவனிடமிருந்து பிரித்துக் கூட்டிப் போகப் போகிறவள். அவள் அடங்கும்வரை நின்று பார்க்கிறான். கண்ணில் நீர் வருகிறது. பல ரசிகர்களுக்கு இதுதான் மாறிய இடம், அவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

ஆனால் என் பதில் சாவே இல்லாத ஒரு காட்சி. முதல் சீசன், ஐந்தாவது எபிசோட். வால்டரும் எலியட்டும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி கிரே மேட்டர். வால்டர் விலகிப் போன பிறகு அது பெரிதாக வளர்ந்துவிட்டது. எலியட்டும் அவன் மனைவி கிரெட்சனும் இப்போது பெரும் பணக்காரர்கள். எலியட் வேலை தருகிறேன், அதில் மருத்துவக் காப்பீடும் உண்டு என்கிறான். நோய் விஷயம் ஸ்கைலர் மூலம் தெரிந்துதான் கேட்கிறார்கள் என்று புரிந்ததும் வால்டரின் முகம் மாறுகிறது. பிறகு கிரெட்சனே போன் பண்ணிச் சிகிச்சைச் செலவு முழுக்க ஏற்கிறேன் என்று சொல்கிறாள். வால்டர் மறுத்துவிட்டு நேராக ஜெஸ்ஸி வீட்டுக்குப் போகிறான், மறுபடி மெத் தயாரிக்கலாமா என்று கேட்க. அதோடு நிற்கவில்லை, எலியட்தான் செலவு செய்கிறான் என்று ஸ்கைலரிடம் பொய்யும் சொல்கிறான்.

யாரும் அவன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே உடைந்த தட்டுத் துண்டோடு யாரும் காத்திருக்கவில்லை. வழி திறந்து கிடந்தது. அதை மூடியது அவன் கைதான்.

குடும்பத்துக்காகத்தானே அவ்வளவும் செய்தான்?

அவன் அப்படித்தான் சொன்னான். கணக்கை எடுத்து வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது சீசனின் தொடக்கத்தில், குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று வால்டரே கணக்குப் போடுகிறான். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், அன்றாடச் செலவு எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர். ஆசிரியர் வேலையில் அவனுடைய வருஷச் சம்பளம் 43,700 டாலர் என்பதை வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகைதான், நியாயமான தொகையும்கூட.

ஐந்தாவது சீசனில், கையிருப்பில் உள்ள மூலப்பொருளை விற்றுவிட்டு ஒதுங்கினால் ஆளுக்கு 50 லட்சம் டாலர் கிடைக்கும் என்ற நிலை வருகிறது. நீ கேட்டது 7,37,000 தானே என்று ஜெஸ்ஸி ஞாபகப்படுத்துகிறான். வால்டர் அப்போதுதான் கிரே மேட்டர் கதையைச் சொல்கிறான். தன் பங்கை 5,000 டாலருக்கு விற்றான், இன்று அந்தக் கம்பெனியின் மதிப்பு 216 கோடி டாலர், அதை வாராவாரம் எடுத்துப் பார்க்கிறான். தான் இருப்பது பணம் சம்பாதிக்கும் தொழிலில் இல்லை, சாம்ராஜ்யம் கட்டும் தொழிலில் என்கிறான். மனைவி என்ற பேச்சே அந்தப் பதிலில் இல்லை, பிள்ளைகள் வருவதும் விற்றுவிட்ட பங்கை நினைத்துப் புலம்பும்போதுதான்.

கடைசி எபிசோடில் அவனே ஒப்புக்கொள்கிறான். குடும்பத்துக்காகச் செய்தேன் என்று இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது என்று ஸ்கைலர் சொல்ல வாயெடுக்கும்போது, இல்லை, எனக்காகத்தான் செய்தேன், பிடித்திருந்தது, நன்றாகவும் செய்தேன் என்று சொல்லிவிடுகிறான். குற்றவாளியே வாக்குமூலம் கொடுத்த பிறகும் அவனுக்காக வாதாடுகிற ரசிகர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

2022-இல் முடிந்த 'பெட்டர் கால் சால்' தொடரின் இறுதி எபிசோடில் இன்னொரு சான்று இருக்கிறது. பின்னோக்கிப் போகிற ஒரு காட்சியில், காலத்தில் திரும்பிப் போக முடிந்தால் எதை மாற்றுவாய் என்று வால்டரின் வக்கீல் சால் கேட்கிறான். ஹாங்க் செத்து, வீடு சிதறி, தலைமறைவாகப் பாதாள அறையில் உட்கார்ந்திருக்கும் வால்டருக்கு வருத்தமாகத் தோன்றுவது கிரே மேட்டரை விட்டு வந்ததுதான்.

தவறு அவனுடையதா, மருத்துவச் செலவு மனிதனை அழிக்கிற அமைப்பினுடையதா?

அமைப்பு மோசமாக இருந்தது, அதைத் தொடர் மறைக்கவில்லை. ஆனால் செலவு செய்ய ஆள் தயாராக இருந்த அன்றே அந்தக் காரணம் வால்டருக்குக் கைகொடுக்காமல் போய்விட்டது.

அவன் கொன்றது கெட்டவர்களைத்தானே?

கேல் பாட்டிகர் என்ன கெடுதல் செய்தான்? மெத் தயாரித்தான், அதுவும் வால்டர் செய்த அதே வேலை. அவனைக் கொல்லச் சொல்லி ஜெஸ்ஸியை அனுப்புகிறான். ஜெஸ்ஸி கை நடுங்கி அழுதுகொண்டே சுடுகிறான், அதற்கப்புறம் அவன் பழைய ஜெஸ்ஸியாகத் திரும்பவே இல்லை.

இவர்கள் நடத்திய ரயில் கொள்ளையைப் பார்த்துவிட்ட சிறுவனைக் கூட்டாளி டாட் சுட்டுக் கொல்கிறான். வால்டர் சுடவில்லைதான். ஆனால் டாடைக் கூட்டத்திலேயே வைத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறான். அதற்கப்புறம் வரும் காட்சியைக் கவனியுங்கள். நொறுங்கிப்போன ஜெஸ்ஸியிடம், எனக்கும் தூக்கம் வரவில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்புகிறான். கொஞ்ச நேரத்தில் அவன் விசிலடிக்கிற சத்தம் ஜெஸ்ஸி காதில் விழுகிறது. இந்த விசில்தான் என்னை அதிகம் உலுக்கியது, மூன்று சிறைகளில் பத்துப் பேரை இரண்டு நிமிஷத்துக்குள் கொல்ல வைத்த காட்சியைவிட.

ஜேனின் சாவு அவளோடு நிற்கவில்லை. அவள் அப்பா விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. துக்கம் ஆறாமல் வேலைக்குத் திரும்பியவரின் கவனம் சிதற, இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 167 பேர் சாகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மாணவர்களைத் தேற்றக் கூட்டம் போடுகிறார்கள். வால்டர் மைக்கை வாங்கி, உலகின் மோசமான விமான விபத்துகள் வரிசையில் இது ஐம்பதாவது இடத்தில்தான் வருகிறது, அதுவும் இன்னொரு விபத்தோடு சேர்ந்து என்று பேசுகிறான். தான் செய்ததை இதைவிடப் பெரிய ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சின்னதாக்குவது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, மனிதன் தன் மனசாட்சியைக் கழற்றி வைக்கிற வழிகளைப் பட்டியலிட்டபோது இந்த வழியையும் சேர்த்தார். பழியை அடுத்தவர் மேல் தள்ளுவது, கொடுமைக்கு மென்மையான பெயர் வைப்பது, பலியானவரை மனிதராகவே கருதாமல் இருப்பது எல்லாம் அதே பட்டியலில் உண்டு. வால்டர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் அவன் ஜெயிக்க வேண்டும் என்று ஏன் மனசு அடித்துக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொடரை மறுபடி மறுபடி பார்க்கலாம்.

முதல் காரணம், நமக்கு அவனைப் பிடித்துப்போனது குற்றத்துக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கதாபாத்திரங்களின் செயல்களை எடைபோட்டு அதன்படிதான் நாம் அவர்களை விரும்புகிறோம் அல்லது வெறுக்கிறோம் என்பது டால்ஃப் ஜில்மன் முன்வைத்த கருத்து. பின்னால் வந்த ஆர்தர் ரேனி அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். பல சமயம் விருப்பம் முதலில் வந்துவிடுகிறது, அதற்கப்புறம் விரும்பியவன் எது செய்தாலும் நியாயம் தேடிக் கொடுக்கிறோம் என்றார். வால்டர் விஷயத்தில் ரேனி சொன்னதுதான் நடக்கிறது.

இரண்டாவது, அவன் வேலை தெரிந்தவன். தேர்ந்த கைவேலையைப் பார்க்கிற சுகம் தனி. பூட்டிய அறையிலிருந்து, குண்டிலிருந்து, போலீஸிடமிருந்து வேதியியலை வைத்தே தப்பிக்கிறான். எப்படித் தப்பிப்பான் என்று யோசிக்கத் தொடங்கியதுமே தப்பிக்கட்டும் என்று ஆசைப்படவும் தொடங்கிவிடுகிறோம்.

மூன்றாவது, நடிகர். பிரையன் கிரான்ஸ்டன் அதற்கு முன் சிரிப்புத் தொடர் ஒன்றில் அசட்டு அப்பாவாகப் பெயர் வாங்கியவர். சேனல்காரர்கள் தயங்கினார்கள். கில்லிகன் 1998-இல் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடருக்கு எழுதிய ஓர் எபிசோடைப் போட்டுக் காட்டினார். அதில் கிரான்ஸ்டன் வெறுக்கத்தக்க பேச்சு பேசுகிற ஆளாக வருவார், ஆனாலும் அவர் சாகும்போது பார்ப்பவர்களுக்கு மனசு கனக்கும். கில்லிகனுக்கு அந்தத் திறமைதான் வேண்டியிருந்தது. வால்டராக நடித்ததற்கு கிரான்ஸ்டன் நான்கு முறை எம்மி விருது வாங்கினார்.

நான்காவது காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. மதிக்கப்படாமல் போனோம் என்கிற ஆதங்கம் யாரிடம்தான் இல்லை? திறமை இருந்தும் ஒதுக்கப்பட்டவன் ஒருநாள் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்று, என் பெயரைச் சொல் என்று எதிராளியிடம் கேட்கும்போது, நம் உள்ளே அடங்கிக் கிடந்த ஒன்று எழுந்து கைதட்டுகிறது. கைதட்டியது தவறு இல்லை. எதற்குக் கைதட்டினோம் என்று அப்புறம் யோசிக்காமல் விடுவதுதான் தவறு.

ஸ்கைலரை ஏன் இத்தனை பேர் வெறுத்தார்கள்?

அவன் வழியில் குறுக்கே நின்றதால். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கணவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிக்கிறாள், பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்க்கிறாள், பயப்படுகிறாள், கடைசியில் அவளும் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகிற வேலையில் சிக்கிக்கொள்கிறாள். அவளிடமும் தவறு உண்டு. ஆனால் இணையத்தில் அவள் மேல் கொட்டப்பட்ட வெறுப்பில் நூறில் ஒரு பங்குகூட வால்டருக்குப் போகவில்லை.

அந்த வெறுப்பு நடிகை ஆனா கன் வரைக்கும் போனது. 2013 ஆகஸ்டில் அவர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லுங்கள், கொன்றுவிடுகிறேன் என்கிற பாணியில் வந்த பதிவையும் அதில் குறிப்பிட்டிருந்தார். பணிந்து போகாத மனைவியைப் பார்த்துப் பலருக்கு வருகிற கோபம்தான் இது என்பது அவர் கருத்து. நான் அதை முழுக்க ஏற்கிறேன். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அதே பாத்திரத்துக்கு அவருக்கு எம்மி கிடைத்தது.

வால்டரை வேலைக்கு வைத்த போதைப்பொருள் முதலாளி கஸ் ஃப்ரிங் இவனைவிடப் பெரிய வில்லன் இல்லையா?

பெரிய வில்லன்தான். அதனால் இவன் ஹீரோ ஆகிவிட மாட்டான். கஸ் செத்ததும் யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது என்று பாருங்கள்.

கர்ணனை நாம் கொண்டாடவில்லையா? அவனும் தப்பான பக்கம் நின்றவன்தானே?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். கர்ணனும் அவமதிக்கப்பட்டவன். திறமை இருந்தும் சபையில் குலம் கேட்கப்பட்டவன். பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்பட்டபோது அவன் பேசிய பேச்சு மன்னிக்க முடியாதது. அந்த அளவில் இருவருக்கும் ஒற்றுமை உண்டு.

வித்தியாசம், வழி திறந்தபோது என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. போருக்கு முன்னால் கண்ணனே வந்து, நீ குந்தியின் மகன், பாண்டவர்களில் மூத்தவன், வந்துவிடு, அரசு உனக்கு என்கிறான். கர்ணன் மறுக்கிறான், ஜெயிக்கப் போவது யார் என்று தெரிந்தே மறுக்கிறான். மறுத்ததால் இழப்பது அவன் உயிர். செஞ்சோற்றுக் கடனுக்காக என்று அவன் சொன்ன காரணம் உண்மையான காரணமும்கூட. வால்டர் மறுத்தபோது விலை கொடுத்தது மற்றவர்கள், சொன்ன காரணமும் பொய். கர்ணனுக்காக அழலாம். வால்டருக்காகவும் ஒருவேளை அழ முடியும், ஆனால் அது வேறு மாதிரி அழுகை.

கடைசி எபிசோடில் திருந்திவிட்டானே? அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

எடுக்கத்தான் வேண்டும். ஸ்கைலரிடம் உண்மையைச் சொல்கிறான். ஹாங்க் புதைக்கப்பட்ட இடத்தைச் சொல்லி, அதை வைத்து அவள் அரசுத் தரப்போடு பேரம் பேச வழி செய்கிறான். ஜெஸ்ஸியை அடிமையாக வைத்திருந்த கூட்டத்தை ஒழித்து, குண்டு பாயாமல் அவன் மேல் விழுந்து காப்பாற்றுகிறான். இவை நல்ல காரியங்கள், அவற்றைச் செய்ய அவனுக்குப் பிடித்த மாதிரியே ஒரு சாவும் கிடைக்கிறது.

ஆனால் ஜெஸ்ஸி அங்கே அடிமையாகக் கிடந்ததற்கே காரணம் வால்டர். அவன் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவன் இவன். கொடுத்துவிட்டு, ஜேன் செத்ததை நின்று பார்த்தேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னவனும் இவன். அதைச் சொல்ல எந்த அவசியமும் இல்லை, வலிக்க வேண்டும் என்பதற்காகவே சொன்னான். தானே தள்ளிவிட்ட குழியிலிருந்து ஒருவனைத் தூக்கிவிடுவதைத் தியாகம் என்று என்னால் சொல்ல முடியாது. கடன் அடைத்தது என்று வேண்டுமானால் சொல்கிறேன், அதுவும் ஒரு பகுதிதான். பணத்தைக்கூட அவன் நேராகக் கொடுக்கவில்லை. எலியட்டையும் கிரெட்சனையும் மிரட்டி, 97 லட்சத்து 20 ஆயிரம் டாலரை அவர்கள் பெயரில் மகனுக்குப் போக ஏற்பாடு செய்கிறான். மகன் வேண்டாம் என்று சொன்ன பிறகும்.

அப்படியானால் ஹீரோ யார்? ஜெஸ்ஸியா?

ஜெஸ்ஸியை ஹீரோ என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் போதை மீட்புக் கூட்டத்திலேயே மெத் விற்கப் பார்த்தவன் அவன். கேலைச் சுட்டவனும் அவனே. ஆனால் தான் செய்தது அவனை விடாமல் துரத்துகிறது. பணத்தைக் கட்டுக்கட்டாகத் தெருவில் வீசுகிறான், குழந்தைகள் என்று வந்தால் தன் உயிரையே பணயம் வைக்கிறான். இந்தத் தொடரின் மனசாட்சி அவன். ஒவ்வொரு கதையிலும் ஹீரோ என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்த மாதிரி நாயகர்கள் ஏன் திடீரென்று இவ்வளவு பேர் வந்தார்கள்?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1952 முதல் 1983 வரை ஒளிபரப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு நடத்தை விதிமுறை வைத்திருந்தார்கள். குற்றத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது என்பது அதில் உண்டு. விளம்பரதாரருக்கும் சிக்கலான நாயகன் என்றால் பயம். விளம்பரத்தை நம்பாமல் சந்தாவை நம்பி நடந்த ஹெச்பிஓ சேனலுக்கு அந்தப் பயம் குறைவு. 1999-இல் அங்கே 'சொப்ரானோஸ்' வந்தது. அதன் ஐந்தாவது எபிசோடில், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போன மாஃபியா தலைவன் டோனி சொப்ரானோ, வழியில் பழைய காட்டிக்கொடுத்தவன் ஒருவனைப் பார்த்துத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று சேனல் தரப்பில் கவலைப்பட்டார்கள். கொல்லாமல் விட்டால்தான் டோனியை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் உறுதியாக நின்றார். யாரும் ஓடவில்லை. கதவு திறந்தது அங்கேதான்.

மற்றத் தொடர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்துமா?

நான் பார்ப்பது இரண்டு விஷயம். விட்டு விலக வழி கிடைத்தபோது என்ன செய்தான், அவன் முடிவுக்கு விலை கொடுத்தது யார்.

டோனி சொப்ரானோவுக்கு வாராவாரம் உளவியல் மருத்துவரின் அறையில் அந்த வழி திறந்தது. தன்னைப் புரிந்துகொள்ளக் கிடைத்த அறிவையும் கடைசியில் தன் தொழிலுக்கே பயன்படுத்தினான். வில்லன்.

'பெட்டர் கால் சால்' நாயகன் ஜிம்மி மெக்கில், அதாவது அதே வக்கீல் சால், பிடிபட்ட பிறகும் வாய்ச் சாமர்த்தியத்தால் தண்டனையை ஏழரை வருஷமாகக் குறைத்துக்கொள்கிறான். அப்புறம் நீதிமன்றத்தில் எழுந்து, தான் செய்தது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு 86 வருஷத் தண்டனையை ஏற்கிறான். அவனால் பலர் அழிந்தார்கள், அது மாறாது. ஆனாலும் அவனை வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கடைசி விலையை அவனே கொடுத்தான், தப்பிக்க வழி இருந்தும்.

மறுபடி பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்கலாம்?

வால்டர் பேசும்போது அவனைப் பார்க்காதீர்கள், கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பாருங்கள். ஸ்கைலர், ஜெஸ்ஸி, மகன், ஹாங்க் எல்லாரும் நன்றாக நடித்திருக்கிறார்கள், முதல் தடவை அது கண்ணில் படாது.

மூன்று எபிசோட் மட்டும் பார்க்க நேரம் இருந்தால், முதல் சீசனின் ஐந்தாவது, இரண்டாவது சீசனின் பன்னிரண்டாவது, ஐந்தாவது சீசனின் ஆறாவது எபிசோடுகளைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதில் வால்டர், ஸ்கைலர், ஜெஸ்ஸி மூவரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்காரும் காட்சி வரும். ஜெஸ்ஸி என்ன பேசுவது என்று தெரியாமல் பீன்ஸ் நன்றாக இருக்கிறது என்கிறான். ஸ்கைலர் எழுந்து போனதும், எனக்கு மிச்சம் இருப்பது இந்தத் தொழில் மட்டும்தான், அதையும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறாயே என்று வால்டர் ஜெஸ்ஸியிடம் கேட்கிறான். 50 லட்சம் டாலரை வேண்டாம் என்று சொன்ன அதே எபிசோட் அது.